உப்பு விழும் ஓரத்தில்

காக்ஸ் டவுன்

உப்பைச் செடிகளின் பகைவனாக எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம் பெங்களூர் காக்ஸ் டவுனில் வாழ்கிறவர்களுக்கு ஏற்படுவதில்லை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில், செம்மண் மேட்டின்மீது, அல்சூர் ஏரிக்கும் பிரேசர் டவுனுக்கும் அண்மையில், வெள்ளைக்காரர் காலத்துத் தண்டுப் பிரதேசத்தின் ஒரு பகுதியாக உருவான இந்தப் பேட்டையில், தெருவோர மரங்களுக்கு வரும் ஆபத்துக்கள் வேறு வகையானவை. சாலையை அகலப்படுத்துகிறவர்களின் ரம்பம், மின்கம்பிக்காகக் கிளைகளைத் தறிக்கும் அரிவாள், வேரை மூச்சுவிடாமல் அடைக்கும் சிமெண்டு ஆகியவற்றுக்குத் தப்பினால், எந்த விருக்ஷமும் இங்கே நூறு வயது வரை நிற்கலாம். லால்பாக்கின் அதிபராக விளங்கிய ஜெர்மானியர் கிரும்பீகல், ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்கும்படி இந்நகரத்துச் சாலைகளுக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்த காலத்தில், அவர் கவலைப்பட வேண்டியிருந்தது மலரின் நிறத்தையும் பருவத்தையும் பற்றித்தான். 1884-ஆம் ஆண்டு ஜனவரியில் வெப்பம் 7.8 டிகிரிக்கு இறங்கியதே இந்த ஊர் கண்ட மிகக் கடுமையான குளிர் என்று வானிலைக் குறிப்புகள் சொல்லுகின்றன. அந்தக் குளிரில் ஒரு வாளித் தண்ணீர்கூட உறையாது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் சுற்றுச்சுவரை ஒட்டி, தோட்டக்காரர் மாதந்தோறும் கத்தரித்துச் சதுரமாக்கி வைத்திருக்கும் வேலிச் செடி ஒன்று உண்டு. சங்கங்குப்பி என்று பெயர். உண்மையில் அது கடற்கரையின் பிரஜை. உப்பங்கழிகளின் விளிம்பில், அலைத் திவலை மேலே தெறிக்க வளர்ந்த குலம். கடலை ஒருநாளும் காணாத இந்த மேட்டு நிலத்துக்கு அது எப்படி வந்து சேர்ந்தது என்று நான் அதிகமாகச் சிந்தித்ததில்லை. பூமியின் மறுபக்கத்தில், கனடாவின் ஒரு நர்சரியில் நின்றுகொண்டிருந்தபோது அந்தச் செடி என் நினைவில் வந்து நின்றது.

என் தமக்கையின் மகள் கனடாவில் யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய அழைப்பின்பேரில் சித்திரை மாதத் தொடக்கத்தில், காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் மாம்பழ வாசனை எழத் தொடங்கும் நாட்களில், நான் புறப்பட்டேன்.

ஸ்கார்பரோ

டொராண்டோ மாநகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில் தமிழர்கள் பெருந்தொகையாகக் குடியேறி வாழ்கிறார்கள். மார்க்கம் சாலையில் நடந்தால், முருங்கைக்காயும் பனங்கட்டியும் ஒடியல் மாவும் அடுக்கிய கடைகளைத் தமிழ்ப் பெயர்ப் பலகைகளோடு காணலாம். தாய்நாட்டை இழந்து வந்த ஜனங்கள் தங்கள் நாவின் ருசியைக் கைவிடாமல் காப்பாற்றிக்கொண்டிருப்பதை அங்கே பார்த்தபோது என் மனம் கனிந்தது. வீட்டில் என் மருமகள் இடியப்பமும் சொதியும் பரிமாறினாள். பெங்களூர்ப் பெண்ணின் கையில் யாழ்ப்பாணத்துச் சொதி அவ்வளவு பக்குவமாக அமைந்திருந்ததை அவளுடைய மாமனாரே பெருமையோடு சொன்னார்.

பனி உருகி முடிந்த சமயம் அது. ஊர் அழகாக இருக்கும் பருவம் அன்று. மரங்கள் இன்னும் துளிர்க்கவில்லை; புல்தரை வைக்கோல் நிறத்தில் தரையோடு படிந்து கிடந்தது. நடைபாதைகளின் இருமருங்கிலும் ஒரு முழ அகலத்துக்குப் புல் அடியோடு செத்து, மண் கறுத்து, அதன்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு வெண்மை படர்ந்திருந்தது. என் தோல் செருப்பின் விளிம்பிலும் மாலைக்குள் அதே வெண்மை கோடு போட்டுவிட்டது. நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய தேவையில்லை. உப்பு என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

சம்பந்தி பருத்தித்துறைக்காரர், இளம்வயதில் ஆனையிறவு உப்பளத்தில் கணக்கு எழுதியவர். அவர் என்னை வீட்டின் தெருமுனைக்கு அழைத்துச் சென்று, நடைபாதை ஓரமாக வரிசையாக நின்ற சீடர் மரங்களைக் காட்டினார்.

“வீட்டுப் பக்கம் பாருங்கோ, பச்சையாய் நிக்குது. ரோட்டுப் பக்கம் பாருங்கோ, எரிஞ்சு போய்க் கிடக்குது. இது நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. உப்பு. நான் உப்புக்குள்ளேயே வளர்ந்தவன், எனக்குத் தெரியாதே?”

அவர் சொன்னது முழு உண்மை. ஒரே மரத்தின் ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி துருவேறிய இரும்பின் நிறமாகவும் இருந்தது; எரிந்த பாதி ஒவ்வொரு மரத்திலும் தெருவையே நோக்கியிருந்தது. குளிர்காலத்தில் தெருவிலும் நடைபாதையிலும் கொட்டப்படும் கல்லுப்பு, ஜலத்தின் உறைநிலையைத் தாழ்த்திப் பனிக்கட்டியை இளக்குகிறது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளும் முதியவர்களை அது காப்பாற்றுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. குளிர் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே இறங்கிவிட்டால் அதன் சக்தி பெரிதும் குன்றிவிடுகிறது; அப்போது மேலும் மேலும் கொட்டுகிறார்கள். இளகிய உப்புநீரை வாகனச் சக்கரங்கள் வாரி இறைக்கின்றன. இலையுதிர்த்துவிட்டு உறங்கும் செடிக்கு அதனால் மொட்டுகளும் சிறுகொம்புகளும் மட்டுமே பாதிக்கப்படும். குளிர்காலம் முழுவதும் பசுமையை உதறாமல் நிற்கும் சீடர் போன்றவற்றுக்கோ ஒவ்வொரு இலையிலும் அந்தத் திவலை படிகிறது.

அதைவிடக் கொடியது மண்ணுக்குள் நிகழ்வது. உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடிவதில்லை. நீர் நடுவே நின்றுகொண்டு செடி தாகத்தால் வாடுகிறது. குளோரைடு இலையின் ஓரங்களில் போய்ச் சேர்ந்து கருக்குகிறது. சோடியமோ மண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் தான் அமர்ந்துகொள்வதால், பொலபொலவென்றிருக்க வேண்டிய களிமண் இறுகிப் பாளமாகிறது. ஸ்கார்பரோவின் மண்ணில் களி மிகுதி. சம்பந்தி கைத்தடியால் குத்திக் காட்டினார். தடியின் முனை அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

அந்தச் சீடர் மரங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே அன்று குடும்பத்தில் நடந்துகொண்டிருந்த விவாதம்.

ஹைலண்ட் கிரீக்

மறுநாள் அவர் என்னை ஹைலண்ட் கிரீக் என்னும் ஓடைக்கு அழைத்துச் சென்றார். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்துக்குப் பின்புறம், அடர்ந்த பள்ளத்தாக்கின் ஊடே அது ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. பார்வைக்குத் தெளிந்த நீர். ஆனால் அந்த நகரப் பகுதியின் தெருக்கள், வாகன நிறுத்துமிடங்கள், நடைபாதைகள் எல்லாவற்றிலும் கொட்டிய உப்பு கரைந்து வந்து சேருமிடங்களில் இதுவும் ஒன்று.

கனடா தேசம் முழுவதும் சாலைகளில் இடப்படும் உப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 லட்சம் டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டில் கனேடிய அரசாங்கமே விரிவாக ஆராய்ந்து, சாலை உப்பு இயற்கைச் சூழலுக்கு நஞ்சு என்று முடிவு கூறிற்று. 2004-இல் அதைக் கையாள்வதற்கு ஒரு நெறிமுறையையும் வகுத்தது. நன்னீர் உயிர்கள் நீண்டகாலம் தாங்கக்கூடிய குளோரைடின் அளவு லிட்டருக்கு 120 மில்லிகிராம் என்பது அந்நாட்டு வரையறை. குளிர்கால முடிவில், பனி உருகும் நாட்களில், நகரத்து ஓடைகள் இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டிவிடுகின்றன. சற்றுக் கிழக்கே, பிக்கரிங் நகரத்தை அடுத்த பிரெஞ்ச்மன்ஸ் பே என்னும் சிறு விரிகுடாவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் சாலை உப்பு போய்ச் சேருவதை இதே ஸ்கார்பரோ வளாகத்தின் நிலவியல் பேராசிரியர் நிக் ஐல்ஸும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்து வெளிப்படுத்தியிருக்கிறார்கள்.

கரையோரச் சாலைப் பள்ளங்களில் ஆளுயரத்துக்கும் மேலாக, காய்ந்த பூங்கதிர்களோடு ஒரு நாணல் அடர்ந்து நின்றது. ஐரோப்பாவிலிருந்து வந்த இந்த நாணலை, நாட்டின் மிக மோசமான ஆக்கிரமிப்புத் தாவரம் என்று கனேடிய வேளாண்மைத் துறை 2005-இல் அறிவித்தது. மற்றப் புல் சாகும் உப்பில் இது செழிப்பதால், நெடுஞ்சாலைகளின் ஓரமே இதற்கு ராஜபாட்டையாகிவிட்டது. இராமநாதபுரச் சீமையில் சீமைக்கருவேலம் பரவியிருப்பதைக் கண்டவர்களுக்கு இதைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. வறட்சியையும் உவரையும் தாங்கும் என்ற ஒரே குணத்தை மெச்சி வரவேற்ற செடி, பிறகு வேறெதற்கும் இடம் விடாமல் நிலத்தை ஆண்டுகொண்ட கதை நம்முடையது. உப்பைத் தாங்குவது ஒரு செடிக்கு யோக்கியதையில் பாதிதான். அண்டை அயலோடு அடங்கி வாழும் சுபாவமும் வேண்டும் என்ற எண்ணம் அந்த ஓடைக்கரையில் எனக்கு உறுதிப்பட்டது.

காடரிச்

உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க விரும்பினேன். டொராண்டோவிலிருந்து மேற்கே, உழுது விட்ட வயல்களையும் சிவந்த தானியக் களஞ்சியங்களையும் கடந்து, ஹூரன் ஏரிக்கரையிலுள்ள காடரிச் என்னும் சிற்றூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். எட்டுமுகமாக வகுத்த சதுக்கமும் நடுவில் நீதிமன்றமும் கொண்ட ஒழுங்கான ஊர். 2011-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வீசிய சுழற்காற்று அந்தச் சதுக்கத்தின் பெருமரங்களைச் சாய்த்துவிட்டதால், இப்போது நிற்பவை இளமரங்கள்.

1866-இல் சாமுவேல் பிளாட் என்பவர் பெட்ரோலியம் கிடைக்கும் என்று நம்பி இங்கே துளையிட்டபோது, எண்ணெய்க்குப் பதிலாக உப்புப் பாறை வெளிப்பட்டது. 1959-இல் தொடங்கிய சுரங்கம், சுமார் 1,800 அடி ஆழத்தில், ஏரியின் அடியே வெகுதூரம் நீண்டு செல்கிறது. நிலத்தடி உப்புச் சுரங்கங்களில் உலகத்திலேயே பெரியது இதுதான். நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் அங்கே அலைவீசிய ஆதிக்கடல் ஒன்று வற்றிப் படிந்த உப்பு அது. துறைமுகத்தில் நின்று, கப்பல்களுக்குள் அது கொட்டப்படும் இடத்தைத் தூரத்திலிருந்து பார்த்தோம்.

சம்பந்தி கரையில் இறங்கி ஒரு கை நீரள்ளி வாயில் விட்டுக்கொண்டார். “அலை இருக்குது, மணல் இருக்குது, கடல் மாதிரியே இருக்குது. ஆனால் நல்ல தண்ணி. உப்பு முழுக்கக் கீழே கிடக்குது, பார்த்தீங்களே!” என்றார் சிறுபிள்ளையைப் போன்ற வியப்போடு.

எனக்கு வேதாரணியம் நினைவுக்கு வந்தது. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து நடந்து சென்ற ராஜாஜியும் தொண்டர்களும் அந்தக் கடற்கரையில் ஒரு பிடி உப்பு அள்ளியதற்காகச் சிறை புகுந்தார்கள். வெயிலும் காற்றும் மனிதரின் முதுகெலும்பும் சேர்ந்து பாத்தி பாத்தியாக விளைவிக்கும் பொருள் நமக்கு உப்பு. சிந்தினால் பாவம் என்று பாட்டிமார் கண்டித்த பொருள். அதை மலை மலையாகத் தெருவில் கொட்டுகிற தேசத்தில் நிற்கும்போது தமிழனுடைய உள்ளம் சிறிது கலங்கத்தான் செய்கிறது. வழுக்கும் பனியில் நடந்தே தீரவேண்டியவர்களுக்கு வேறு வழி எளிதில் இல்லை என்பதையும் அந்த உள்ளமே ஒப்புக்கொள்கிறது.

பிக்கரிங்குக்கு வடக்கே

வயல்களின் நடுவே இருந்த ஒரு நர்சரிக்கு என் மருமகளும் எங்களோடு வந்தாள். அங்கே செடிகளைப் பராமரிக்கும் மூதாட்டி ஒருவர், எந்தச் செடி வேண்டும் என்று கேட்பதற்கு முன், வேறு கேள்விகளைக் கேட்டார். நடைபாதையிலிருந்து எத்தனை அடி தள்ளி நடப்போகிறீர்கள்? பனி வழிக்கும் வண்டி பனியை எந்தப் பக்கம் தள்ளுகிறது? மண் களியா, மணலா? வெயில் எத்தனை நேரம் விழும்? நல்ல வைத்தியர் நாடி பார்த்த பிறகே மருந்தைப் பற்றிப் பேசுவார் அல்லவா? அந்தச் சிரத்தையை அவரிடம் கண்டேன்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டிய செடிகளின் பூர்விகத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன். சுருக்கம் விழுந்த இலைகளும் தக்காளிபோல் சிவந்த கனிகளும் கொண்ட ருகோசா ரோஜா ஜப்பான், கொரியாக் கடற்கரைகளின் மணலில் பிறந்தது. பேபெரி என்னும் குற்றுச்செடி அட்லாண்டிக் கரையின் மணல்மேடுகளுக்கு உரியது. அதன் சாம்பல் நிறக் காய்களின் மேல் படியும் மெழுகை வேகவைத்தெடுத்து முற்காலத்துக் குடியேறிகள் வாசனை மெழுகுவத்தி வார்த்தார்கள். தரையோடு படரும் ஜூனிப்பர், பசுமை உதிராத குலத்தைச் சேர்ந்ததாயினும், காற்றடிக்கும் பாறைகளிலும் மணற்கரைகளிலும் பழகியதால் உப்பைப் பொறுக்கிறது. வெள்ளிநிற இலை கொண்ட ஒன்றோ உலர்ந்த புல்வெளிச் சமவெளிகளின் உவர்மண்ணுக்குச் சொந்தம். கடலோரம், மணல்மேடு, உவர்நிலம் ஆகியவற்றுக்கு வெளியே பிறந்த செடிகள் அந்தப் பட்டியலில் மிகச் சிலவே.

அப்பொழுதுதான் காக்ஸ் டவுன் சங்கங்குப்பி என் நினைவில் எழுந்தது. குளிர்நாட்டு நகரம் ஒவ்வொன்றும், கடலுக்கு எவ்வளவு தொலைவில் இருந்தாலும், ஆண்டில் ஐந்து மாதம் தன் தெருக்களின் ஓரத்தில் ஒரு கடற்கரையை உண்டாக்கிக்கொள்கிறது. உப்புத் திவலை, உவர்மண், தடையற்ற காற்று ஆகிய மூன்றும் அங்கே உண்டு. ஆகவே அந்த ஓரத்துக்குச் செடி தேர்ந்தெடுக்கிறவர் தோட்டத்தைப் பார்க்கக் கூடாது. கடற்கரையைப் பார்க்க வேண்டும். புன்னையும் தாழையும் அடம்பங்கொடியும் நம் நெய்தல் நிலத்தில் எந்த வித்தைகளால் வாழ்கின்றனவோ, தடித்த இலை, மெழுகுப் பூச்சு, மணலை விடாத வேர் என்ற அந்த வித்தைகளே அங்கும் வேறு வடிவங்களில் காணப்படுகின்றன. பேபெரியின் வேர் முடிச்சுகளில் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தரும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிரின் இனமே நம் கடற்கரைச் சவுக்கின் வேரிலும் குடியிருக்கிறது என்று எண்ணியபோது, அந்த அந்நியச் செடியிடம் எனக்கு உறவு கொண்டாடத் தோன்றிற்று.

மருமகளுக்கு ருகோசாவின் மணம் பிடித்துப் போயிற்று. “மாமா, பாருங்க, நம்ம பன்னீர் ரோஜா வாசனை!” என்றாள். நான் தயங்கினேன். வட ஐரோப்பாவின் கடற்கரை மணல்மேடுகளில் அது காடாகப் பரவி அங்குள்ள சிறு செடிகளை நெருக்குகிறது. ஹைலண்ட் கிரீக்கின் நாணல் இன்னும் என் கண்ணை விட்டு நீங்கவில்லை. மூதாட்டியே வழி சொன்னார்: இந்த நாட்டுக் கிழக்குக் கரைக்கே உரிய வர்ஜினியா ரோஜாவும் உப்புக்கு அஞ்சாது, அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பூ அவ்வளவு பெரிதன்று. இலையுதிர் காலத்தில் இலை செந்தழல்போல் சிவக்கும் என்றார். மருமகளும் இசைந்தாள். சுமாக் என்ற புதர்மரம் உப்பையும் வறட்சியையும் நன்றாகத் தாங்குமாயினும், வேரிலிருந்து எங்கும் முளைவிடும் இயல்பால் சிறிய வீட்டுக்கு ஆகாது என்று அவரே ஒதுக்கிவிட்டார். பேபெரியில் ஆண்செடியும் பெண்செடியும் தனித்தனி. காய் வேண்டுமானால் இரண்டும் அண்மையில் இருக்க வேண்டும் என்று எச்சரித்து, முன்னாண்டுக் காய் ஒட்டியிருந்த செடிகளோடு காயில்லாத ஆண்செடி ஒன்றையும் பொறுக்கித் தந்தார்.

மீண்டும் ஸ்கார்பரோ

நடவு வைகாசி மாதத்தில் நடந்தது. எரிவாயுக் குழாய் போகும் வழியை உரியவர்கள் வந்து சிறு கொடிகளால் குறித்துவிட்டுப் போன பிறகே மண்வெட்டியை எடுத்தார்கள். நடைபாதைக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள புல்துண்டு நகராட்சிக்குரியது. ஆகவே நடைபாதையின் உட்புறத்தில், அதன் விளிம்பிலிருந்து மூன்று அடி விட்டுத் தொடங்கினோம். வழித்தள்ளும் பனி குவிவதற்கு அந்த மூன்று அடி. அங்கே செடி வைத்தால் உப்புக்குத் தப்பினாலும் பனிப்பாளத்தின் பாரத்தால் முறிந்துபோகும்.

இறுகிய மண்ணைச் சம்பந்தியும் அவருடைய மகனும் இரண்டு நாள் கொத்தி, இலைமக்கும் ஜிப்சமும் கலந்தார்கள். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். இடம்பெயர்ந்த சோடியத்தை அடித்துப் போக ஏராளமான நீர் வேண்டும். நீரில்லாத ஜிப்சத்தால் பயனில்லை. முன்வரிசையில் படரும் ஜூனிப்பரையும், அதன் பின்னே பேபெரியையும், பாதசாரிகளின் உடையை முள் பற்றாதபடி சற்று உள்ளே தள்ளி ரோஜாவையும் வைத்தார்கள். மேப்பிள் மரத்து நிழலில் ஸ்னோபெரி வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அதன் வெண்காய்கள் குளிர்காலத்திலும் கொம்பில் நிற்பது அழகுதான். ஆனால் தின்றால் வயிற்றைப் புரட்டும் என்பதால், பேரக் குழந்தை சற்று வளரட்டும் என்று சம்பந்தி அதைத் தள்ளி வைத்தார். அது சரியான முடிவு என்றே எனக்குப் பட்டது.

அன்று மத்தியானம் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். மீனும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் புளியும் கொதித்த அந்தக் கூழைப் பலாவிலைக்குப் பதில் காகிதக் கோப்பையில் குடிக்க நேர்ந்ததற்காக அவர் மிகவும் வருந்தினார். தெருவில் போன அயல்வீட்டுக்காரர் ஒருவர், சீனர், நின்று செடிகளின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் வீட்டு பாக்ஸ்வுட் வேலியும் தெருப்பக்கம் கருகித்தான் நின்றது.

அடுத்த குளிர்காலத்துக்கு என்ன செய்வது என்பதை அன்று மாலையே வகுத்துவிட்டார்கள். தங்கள் வாசற்பாதையில் முதலில் மண்வாரியால் பனியை நன்றாக வழித்துவிட்டு, வழுக்கலுக்கு மணலைத் தூவுவது. கண்ணாடிபோல் உறைந்த நாட்களில் மட்டும் உப்பை, அதுவும் கையளவாக இடுவது. வண்டியோட்டிக்குச் செடிவரிசை தெரியும்படி கார்த்திகையிலேயே செம்மஞ்சள் கழிகளை நட்டு வைப்பது. பனி உருகியவுடன், வேர் விழித்தெழும் அந்தச் சில வாரங்களில், முன்வரிசைக்குக் குழாயைத் திறந்து விட்டு மண்ணிலிருக்கும் உப்பை ஆழத்துக்குக் கழுவி இறக்க வேண்டும் என்பதைச் சம்பந்தி மகனிடம் இரண்டு முறை சொன்னார். அப்படிக் கழுவிய நீரும் கடைசியில் ஹைலண்ட் கிரீக்குக்குத்தானே போகும் என்று நான் கேட்டேன்.

“ஓம், போகும். அதுதான் முதலே குறைச்சுப் போடச் சொல்லுறன்” என்றார். பிறகு பக்கத்து வீட்டுச் சீனரிடமும் மணலைப் பற்றிச் சொல்லிவர எழுந்து போனார்.